முளைக்காத விதைக்கு ஒரு சென்டிமீட்டர்

ஹலோ... ஆமா, நான்தான்... சொல்லுங்க ஆன்ட்டி... ம், சாப்பிட்டாச்சு. உங்க பொண்ணு இருக்காளா?... அழுதுட்டு இருக்காளா... ம்... ம்... ஆமா, சயின்ஸ் மிஸ் இன்னிக்கு எங்க மூணு பேரையும் நிக்க வெச்சாங்க...

ஆமா, ஆமா, பீன்ஸ் செடி. விதையை ஈரப் பஞ்சுல வெச்சு, தினமும் எவ்வளவு வளருதுன்னு அளந்து எழுதணும்... மூணு பேரும் முதல் நாளே ஒரு சென்டிமீட்டர்னு எழுதியிருந்தோம்... அதான் ஆன்ட்டி தப்பு. முதல் நாள் விதை முளைக்கவே இல்லையே. முளைக்காத விதைக்கு உயரம் எங்கேருந்து வந்துச்சுன்னு மிஸ் கேட்டாங்க. கிளாஸே சிரிச்சுது.

...யாரு, எங்ககூட நின்ன எங்க ஃபிரெண்ட் குட்டையா?... இல்ல ஆன்ட்டி, அவ உங்க பொண்ணைப் பார்த்து எழுதல... இல்ல... கொஞ்சம் இருங்க, சொல்லி முடிச்சுடறேன். செடி வளர்த்ததே குட்டைதான். அவ வீட்டு ஜன்னல்ல, காது உடைஞ்ச கப்புல. நான் போய்ப் பார்த்தேன்... மார்க் கம்மியா வாங்குறவளுக்குச் செடி வளர்க்கத் தெரியாதா?... எதிர்த்துப் பேசல. கேக்குறேன்.

அவ ஸ்கேல் முனை உடைஞ்சது ஆன்ட்டி. ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கும். அதை அப்படியே வெச்சு அளந்துட்டா, தினமும் ஒண்ணு கூடிடுச்சு. உங்க பொண்ணு ஸ்கேல் புதுசு. அவளே அளந்திருந்தா அந்த ஒண்ணு எப்படி வரும்?

...என்னது, அப்போ உங்க பொண்ணுதான் காப்பி அடிச்சாளான்னா?...

காப்பி இல்ல ஆன்ட்டி, பங்கு. கணக்கு உங்க பொண்ணு போடுவா. செஞ்சு பார்க்குற வேலையெல்லாம் குட்டை. படம் நான்... ஆமா, உங்க பொண்ணு நோட்டுலயும் நான்தான்... உங்க ஹால்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கீங்களே, உங்க பொண்ணு வரைஞ்சதுன்னு ஒரு இதயப் படம்... அதுவும்தான்.

...தப்புதான். இல்லன்னு சொல்லல. மூணு பேர் செஞ்ச தப்பு. அதை ஒருத்தி தலையில கட்டாதீங்க.

நாளைக்கு மிஸ் கேட்டா, குட்டைதான் பார்த்து எழுதினான்னு நான் சொல்லணுமா?... மாட்டேன்... மாட்டேன் ஆன்ட்டி... அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு பாடம் போச்சு. இதுலயும் முட்டைன்னா இதே கிளாஸ்ல உக்கார வெச்சுடுவாங்க. உங்க பொண்ணு ரெண்டாவது ரேங்க் வருவா, அவ்வளவுதானே...

ஓ... இனிமே எனக்குக் கணக்கு சொல்லித் தர மாட்டாளா... சரி... சரி ஆன்ட்டி. ஃபெயிலானா ஆகுறேன்... இல்ல, யோசிச்சுதான் சொல்றேன்.

அம்மாகிட்டயா? குடுக்கட்டுமா? இங்கதான் துணி தேய்ச்சுட்டு இருக்காங்க. எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்காங்க... ஆமா, இதுவரைக்கும் உங்ககிட்ட நான் வாயே திறந்ததில்லதான். தெரியும்.

அவகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க... ஒரே நிமிஷம்...

ஏய், நான்தான்... அழாதேடி, முதல்ல மூக்கைச் சிந்து... கேளு. நாளைக்கு நான் எழுந்து, வளர்த்தது குட்டை, பார்த்து எழுதினது நாங்க ரெண்டு பேரும்னு சொல்லப் போறேன்... ஆமா, உன்னையும் சேர்த்துதான். திட்டிக்கோ... தெரியும்டி, உங்கம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க... என்னது?... முணுமுணுக்காதே, கேக்கல... நிஜமாவா? இன்னொரு தடவை சொ...

ஹலோ?... ஆன்ட்டியா. போனை ஏன் பிடுங்கினீங்க?... ஒண்ணும் சொல்லலையா? சொன்னா ஆன்ட்டி. நானும் உன்கூட எழுந்து நிக்கிறேன்னு சொன்னா... நீங்க பிடுங்குறதுக்குள்ள எனக்குக் கேட்டுடுச்சு.

வெக்கிறேன்.