கிளெமென்ட்டின் ஜன்னலும் இருபத்தொரு நாளும்

கம்பத்தில் தொங்குவது பெட்டூனியாப் பூ. பலரும் ஜெரேனியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதை முதலில் சரிசெய்துவிடுவது நல்லது. எங்கள் எல்டர்விக் ஊரில் ஜூன் பிறந்தால் ஆளுக்கொரு பூக்கூடையை வாசலில் தொங்கவிடுவோம். நான் தெருவிளக்குக் கம்பத்தையும் விட்டுவைப்பதில்லை. நகராட்சியிலிருந்து நீங்கள் வந்து, என் கட்டட விண்ணப்பத்தைப் பற்றிய அந்த மஞ்சள் அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போன மறுநாள்தான் கூடையை மாட்டினேன் என்பது உண்மை. கொடி இத்தனை அடர்த்தியாக அறிவிப்பின் மேல் இறங்கும் என்று யார் கண்டது, மிஸ் ஆக்லண்ட்? ஓரளவு நான் கண்டேன். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினேன்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒளித்துப் பழக்கமில்லாதவள் நான்.

விண்ணப்பம் என்னுடையது. வீட்டின் பக்கவாட்டில், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கட்டடம். எனக்காக அதில் ஒரு செங்கல்கூட இல்லை. எங்கள் சர்ச் சபையில் தனியாக இருக்கும் வயதானவர்கள் பதினான்கு பேர். வியாழக்கிழமைதோறும் அவர்கள் வந்து உட்கார ஒரு கதகதப்பான இடம் வேண்டும். கீழே சூப், மேலே கம்பளி பின்னல். நான்கு வருடமாக இதற்காக ஜெபம் செய்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தின் சுவர் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு ஐந்தடி தள்ளி வரும். அது உங்கள் வரைபடத்திலேயே இருக்கிறது.

பக்கத்து வீட்டில் கிளெமென்ட் ரட். எண்பத்து நான்கு வயது, முன்னாள் பேருந்து ஓட்டுநர், மனைவி இல்லை. பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்தில்தான் ஏதோ தெரியும். மின்விளக்கு கூசும். அந்தச் சமையலறை ஜன்னலில் காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை வெயில் விழுகிறது. அந்த ஒரு மணி நேரம், பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பெரிய எழுத்து ஜெபப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிப்பார். உலகத்தில் அவர் தானாக வாசிப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம், தபாலில் வரும் கடிதங்கள் உட்பட, ஒன்பது வருடமாக நான் வாசித்துக் காட்டுகிறேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு நீங்கள் அனுப்பும் கடிதம் அவருக்கும் வந்தது. இன்னார் கட்டப்போகிறார், ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் எழுதலாம் என்று. நான் அதைப் பிரித்து, குப்பை எடுக்கும் நாள் செவ்வாயிலிருந்து புதனுக்கு மாறுகிறது என்று வாசித்தேன். மனிதர் கவலைப்படக் கூடாது என்பதுதான் என் எண்ணம். இதில் எனக்குத்தான் வேலை கூடியது. செவ்வாய்க்கிழமை அவருடைய குப்பைத்தொட்டியை நானே தெருவுக்குத் தள்ளி, காலியானதும் திருப்பி வைத்தேன். புதன்கிழமை அவர் வெறும் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவார். கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைக் கிழிப்பது பாவம். அவருடைய மேசை இழுப்பறையிலேயே வைத்தேன்.

தெருவில் மற்றவர்களுக்கும் கடிதம் போனதே, ஒருவர்கூட ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் லண்டன்காரர் போலிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. முறையோடு கடிதம்தான் எழுதுவோம். அதிலும் யாருக்குப் பாதிப்போ அவர் முதலில் எழுத வேண்டும், அதுதான் மரியாதை. எதிர்வீட்டு நோரா பிக்கெட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கிளெமென்ட் எழுதவில்லை. ஆகவே அவளும் எழுதவில்லை, அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுதவில்லை. ஏழை முதியவர்களின் சூப்புக்காகத் தன் வெயிலை விட்டுக்கொடுத்த மகான் என்று அவரைப் பற்றிப் பேச்சு பரவியது. செய்த தியாகத்தை அவரிடமே எடுத்துச் சொல்வது நாகரிகமில்லை அல்லவா, அதனால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் குலுக்கினார்கள். கேக் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

பதினைந்தாம் நாள் நான் போனபோது அவர் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா மேவிஸ், மறைக்காம சொல்லு. நான் சாகப் போறேனா?”

என்ன பேச்சு இது என்று கேட்டேன்.

“சர்ச்சுல நோரா என் கையப் பிடிச்சவ விடவே இல்ல. உங்கள மாதிரி மனசு யாருக்கு வரும்னு அழுவுறா. முப்பது வருஷமா என் வீட்டுப் புகைய கொறை சொன்னவ அவ. இந்த வாரம் மட்டும் மூணு கேக் வந்திருக்கு. பொழச்சுக் கெடக்குறவனுக்கு இந்த ஊர்ல எவன் மூணு கேக் குடுப்பான்?”

மே மாதம் அவர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்திருந்தார். அதன் முடிவு வந்துவிட்டது, நான் மறைக்கிறேன் என்பது அவர் கணக்கு.

“அன்னிக்குக் குப்பை, புதன்கிழமைன்னு என்னமோ வாசிச்சியே, அது அந்த ஆஸ்பத்திரி லெட்டர்தான? எம்மனசு நோவக் கூடாதுன்னுதான மாத்தி வாசிச்ச? உன் குரல்லயே தெரிஞ்சுது.”

யோசித்துப் பாருங்கள். இல்லை என்று சொன்னால், பிறகு அது என்ன கடிதம் என்று கேட்பார். இன்னும் ஆறு நாள்தான் பாக்கி. நான் தலையை ஆட்டினேன். அது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்பதால் ஆமாம் என்று வாயாலும் சொன்னேன்.

“எத்தன நாளும்மா?”

“அதுல எழுதல, கிளெமென்ட்.”

அதில் பொய் இல்லை. உண்மையிலேயே எழுதியிருக்கவில்லை.

அவர் அழவில்லை. தடுமாறி எழுந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தார், பாரத்தைத் தனியாகச் சுமந்தாயே என்று. சுவர்க் கடிகாரம் நோராவுக்கு, நல்ல கோட்டு சபைக்கு என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கனடாவில் தம்பி மகள் ஒருத்தி. பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன், நானே தபாலில் போட்டேன். இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிட்டுப் பேசுகிறாள். அதையும் உங்கள் அறிக்கையில் குறித்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“மத்ததெல்லாம் போனாப் போவுது. இந்த வெளிச்சம் மட்டும் கடைசி வரைக்கும் கூட இருக்கும். எனக்கு அது போதும்மா.”

நான் வெகுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு நாளும் தினம் இரண்டு முறை போனேன். தூக்கம் இல்லை என்றார். பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

இருபத்திரண்டாம் நாள் காலை, ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதும் நேராக ஓடினேன். ஆஸ்பத்திரியில் வேறொரு கிளெமென்ட்டின் காகிதத்தை மாற்றி அனுப்பிவிட்டார்கள், உங்களுக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் சிரித்தார், அழுதார், என் நெற்றியில் முத்தமிட்டார். ஒரு மனிதருக்கு உயிரைத் திருப்பிக் கொடுக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? சுவரைப் பற்றி மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு அது பெரிதாகவே தோன்றியிருக்காது.

அதற்குள் நீங்கள் இடத்தைப் பார்க்க வந்தீர்கள். பூக்கூடையை ஒதுக்கிப் பார்த்தீர்கள். ஜன்னலை அளக்க அவர் சமையலறைக்குள் போனீர்கள். அவர் உங்களுக்கு மீந்த கேக்கைக் கொடுத்து, செத்துப் பிழைத்த கதையையும் புதன்கிழமைக் குப்பையையும் சொன்னார். நகராட்சிக்காரரிடமே குப்பை நாளைச் சொன்னால் பிறகு என்ன மிச்சம்? ஆனாலும் நீங்கள் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டீர்கள். அந்த நல்ல குணத்தை நான் கவனித்தேன்.

சரி. அறிவிப்பை மறைத்தேன். கடிதத்தை மாற்றி வாசித்தேன். ஆரோக்கியமாக இருந்த மனிதரை ஆறு நாள் சாவுக்குக் காத்திருக்க வைத்தேன். மூன்றும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

மறுபடி இருபத்தொரு நாள் தருகிறீர்கள், அது உங்கள் சட்டம். அவருக்காகவே கடிதத்தை இத்தனை பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஆறு வரியாக, உட்கார்ந்து அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். பத்து மணிக்கு வெயில் வந்ததும் அவர் கையில் கொடுக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். ஆனால் வயதானவர், மிஸ் ஆக்லண்ட். இப்போதுதான் தேறியிருக்கிறார். அதை இந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் நான் போய்ப் பக்குவமாக வாசித்துக் காட்டுகிறேன்.