தூங்குமூஞ்சி மரத்துக்குப் பிறந்தநாள்

“இந்த மரத்த வெட்டணும், டத்தோ.”

இதைத்தான் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தார்கள். என் மேலாளர் விஜயன் நல்ல மனிதர். “குமுதா, சம்பளம் ஏத்திக் கேளு, லீவு கேளு, என் நாற்காலியக்கூடக் கேளு. சங்கத்து மரத்த வெட்டணும்னு மட்டும் வாயத் தொறந்துராத லா,” என்றார். மற்ற மூன்றையும் நான் கேட்கவே இல்லை.

தெருமரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மலேசியாவின் கிள்ளான் நகரில் சில கடைத்தெருக்களின் மரப் பராமரிப்புக் குத்தகை எங்கள் கம்பெனியிடம் இருந்தது. எந்த மரம் நோயாளி, எந்தக் கிளை ஆபத்து, புதுக் கன்றை எங்கே நடலாம் என்று சொல்ல என்னை வைத்திருந்தார்கள். சொன்னால் கேட்பதற்குத்தான் ஆள் வைக்கவில்லை.

நான் கேரி தீவில் பிறந்தவள். வனவியலில் பட்டம். எங்கள் குடும்பத்தில் பட்டமளிப்பு அங்கி போட்ட முதல் ஆள். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தேன். அங்கே மரத்துக்கு வயதாகிவிட்டால் தண்டில் துளை போட்டு மருந்து ஊற்றுவார்கள். நின்ற இடத்திலேயே காயும். அதற்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. மரத்துக்குப் பொன்னாடை போர்த்துவதை டவுனுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

புடவைக் கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் நடுவே நின்ற தூங்குமூஞ்சி மரம் அது. வணிகர் சங்கம் அதைத் தத்தெடுத்திருந்தது. தத்தெடுத்த பிள்ளைக்கு வருஷா வருஷம் பிறந்தநாள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டு, கழுத்து என்று அவர்கள் நினைத்துக்கொண்ட இடத்தில் ஆளுயர மாலை, பச்சை கிரீம் பூசிய கேக். கேக்கின் முதல் துண்டைச் சங்கத் தலைவர், சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கிய பரமேஸ்வரன், மரத்துக்கு ஊட்டுவதுபோலக் காட்டிவிட்டுத் தாமே சாப்பிடுவார். அந்த வருஷம் நூறாவது பிறந்தநாள் என்று அறிவித்திருந்தார்கள். டத்தோவின் தாத்தா கப்பலை விட்டு இறங்கிய கையோடு நட்ட மரமாம். என் கணக்கில் அந்த மரத்துக்கு ஐம்பது வயது இருக்கலாம். டத்தோவுக்குத் தம்பி முறை.

பொன்னாடையை விலக்கிப் பார்த்தேன். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான். ரப்பர் சுத்தியலால் தட்டினால் காலித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவதுபோலச் சத்தம். உள்ளே ஒன்றும் இல்லை.

ஆகவே விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் கேட்டேன்.

டத்தோ கோபப்படவில்லை. சிரித்தார். “ஏம்மா, மட்ட இழுத்த குடும்பத்துப் புள்ள நீ. உனக்கு மரம்னா செம்பனதான். கொன்னுட்டு அடுத்தத நடுவீங்க. இது எங்க தாத்தா வெச்ச மரம்மா.”

“படிச்சா மட்டும் போதுமா, டத்தோ?” என்று பக்கத்தில் யாரோ எடுத்துக் கொடுத்தார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அம்மா தோட்டத்தில் வெட்டிப்போட்ட செம்பனை மட்டைகளை இழுத்தவர்தான். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் கேட்டது நல்லம்மாள் அக்காவுக்காக. அந்த மரத்தடியில் மேசை போட்டுப் பூக்கட்டி விற்றவர். கூட்டத்துக்கு முந்தின வாரம் காய்ந்த கிளை ஒன்று விழுந்து அவருடைய மல்லிகைக் கூடையை நசுக்கியது. அக்கா அப்போது காசு மாற்றப் போயிருந்தார்.

“அக்கா, எடத்த மாத்திக்குங்க. இது ஒருநாள் விழப்போகுது.”

“விழட்டும் பாப்பா. இந்த ரோட்டுல எங்கிட்ட வாடகை கேக்காத ஒரே ஆளு இதுதான்.” ஒரு முழம் அறுத்து என் கையில் திணித்தார். “தல நெறைய முடிய வெச்சிக்கிட்டு ஏன்டி மொட்டையா திரியற? வெய்யி.”

அக்காவை யாராவது காப்பாற்ற வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். அவருக்கே அக்கறை இல்லாதபோது அது படித்தவர்களின் கடமை.

விழாவுக்காக மரத்தடியில் டைல்ஸ் மேடை கட்டப் போவதாக டத்தோ சொன்னார். அவருடைய அன்பளிப்பு. மேடைக்கு வேர்கள் இடைஞ்சலாக இருந்தன. எதை வெட்டலாம் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

“நீ குறி போட்டுக் குடு குமுதா, பசங்க வெட்டிருவாங்க. வேர்தானே? மரத்த வெட்டுறதுதான் பிரச்சன,” என்றார் விஜயன்.

மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே காலியான மரம் அப்படிச் சாய்ந்தும் நிற்கிறதென்றால், பின்பக்க வேர்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். குடித்துவிட்டு முன்னால் சாய்கிற ஆளைப் பின்னாலிருந்து ஒருவர் சட்டையைப் பிடித்து நிறுத்துவது போல. அந்தக் கையை எடுத்துவிடச் சொன்னேன், அவ்வளவுதான். நான் செய்தது ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வேலை. ரம்பத்தை நான் தொடவே இல்லை.

டத்தோவுக்கும் சங்கத்தாருக்குமான பந்தல் ரோட்டுப் பக்கம். அங்கிருந்துதான் போட்டோவில் பேனர் முழுசாக விழும். அக்காவின் மேசை பின்பக்கம். அங்கே எதுவும் விழாது என்று இரண்டு முறை சரிபார்த்தேன். நான் பொறுப்பில்லாதவள் இல்லை.

நேரத்தையும் நான்தான் சொன்னேன். “சாயங்காலம் வெச்சிக்குங்க டத்தோ, வெயில் இருக்காது.” நவம்பர் மாதக் கிள்ளானில் சாயங்காலம் என்ன இருக்கும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். “பந்தல் போட்டுட்டா மழ என்ன பண்ணும்?” என்றார் டத்தோ. நல்ல யோசனை என்றேன்.

விழா அன்று எல்லாம் சொன்னபடி நடந்தது. வானம் கறுத்தது. காற்று எழுந்தது. ஒன்றை மட்டும் நான் மறந்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் வளர்ந்தவள் மறக்கக் கூடாதது. நம் விழாக்களுக்குத் தலைமை தாங்குகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வர மாட்டார்கள். மரம் நேரத்துக்குத் தயாராகிவிட்டது. டத்தோவைக் காணவில்லை. அவர் வராமல் சங்கத்தாரும் பந்தலுக்கு வரவில்லை. ஜனங்கள் கடையோரம் ஒதுங்கி நின்றார்கள். பந்தலுக்குள் சாட்டின் உறை போட்ட நாற்காலிகள் மட்டும் வரிசையாகக் காலியாக இருந்தன. அதில் உட்கார யாருக்கும் தைரியம் இல்லை.

நல்லம்மாள் அக்காவுக்கு இருந்தது. அவருடைய குடை காற்றில் பறந்துவிட்டது. மரத்துக்குப் போட வேண்டிய ஆளுயர மாலையை அவரிடம்தான் கட்டக் கொடுத்திருந்தார்கள். அது நனைந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு பந்தலுக்குள் ஓடினார். முன்வரிசையில் நடு நாற்காலி. மாலையைக் குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்ப்பக்கக் கடை வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார்.

“பாப்பா, நீயும் வாயேன். எல்லாம் சும்மாதான் கெடக்குது.”

எனக்குக் குரல் உண்டு. ரோடும் அகலமில்லை. “வெளிய வாங்க அக்கா” என்றால் வந்திருப்பார். ஆனால் ஏன் கூப்பிட்டாய் என்று பிறகு யாராவது கேட்பார்கள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் நான் யாருக்காக இதைச் செய்தேனோ அந்த நோக்கமே கெட்டுப்போகும். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினேன். அக்காவும் சிரித்தார்.

நான் சொன்ன பக்கம்தான் மரம் விழுந்தது. அந்தக் கணிப்பில் பிழை இல்லை.

விசாரித்தவர்கள் மரியாதையாக விசாரித்தார்கள். இந்தக் காற்றுக்கு இந்த மரம் விழுமா என்று என்னிடமே கேட்டார்கள். விழும் என்றேன். பெயர்ந்த டைல்ஸுக்கு நடுவே வேரில் சிவப்புக் குறியைப் பார்த்த ஒருவர், “குறி போட்டிருக்கு, அப்ப முறையாத்தான் வெட்டிருக்காங்க,” என்று திருப்திப்பட்டார். டத்தோ அக்காவின் வீட்டுக்குப் போய் அழுதார். நன்றாக அழுதார்.

நேற்று அதே இடத்தில் புதுக் கன்று நட்டார்கள். குழியை வேலையாட்கள் காலையிலேயே தோண்டிவைத்திருந்தார்கள். டத்தோ வெள்ளி முலாம் பூசிய மண்வெட்டியால் மண்ணைத் தொட்டார். கன்றுக்கு நல்லம்மாள் என்று பெயர். பிறகு சங்கத்தின் மாடி மண்டபத்தில் எனக்குப் பாராட்டு. மரத்துக்குப் போர்த்த வாங்கிவைத்திருந்த பொன்னாடைதான் என்று நினைக்கிறேன். எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

“அன்னைக்கே சொன்னிச்சு இந்தப் புள்ள,” என்றார் டத்தோ மைக்கில். “யாரு கேட்டா? நானே கேக்கல. மட்ட இழுத்த குடும்பம்தான், ஆனா மரத்தோட மனசு தெரிஞ்ச புள்ள.” கைதட்டினார்கள். “என்னம்மா வேணும், கேளு. இன்னிக்கு எதுக்கும் இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

அவருடைய நகைக்கடை வாசலில் ஓர் அங்சானா மரம் நிற்கிறது. சாயங்காலம் அதன் நிழலில் நாற்காலி போட்டுத் தேத்தண்ணீர் குடிப்பார். அதற்கு மட்டும் அவர் தாமதமாக வந்ததே இல்லை.

“உங்க கட வாசல்ல இருக்கிற மரத்த வெட்டணும், டத்தோ.”

மண்டபமே சிரித்தது. டத்தோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அத மட்டும் கேக்காத லா, பாப்பா.”

நானும் சிரித்தேன். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கி வெளியே வந்தேன். பெயின்ட் டப்பா லோரியின் முன்சீட்டில் இருக்கிறது. அந்த அங்சானாவைப் போன வாரமே தட்டிப் பார்த்துவிட்டேன். கல் மாதிரி இருக்கிறது, ஒரு நோயும் இல்லை. இருந்தாலும் முன்கூட்டியே எச்சரித்துவிட்டேன். அதுதானே என் வேலை.