ஆரஞ்சு வலைக்குக் கீழே

ஹலோ... ஹலோ, அண்ணா? நான்தான். மெதுவாப் பேசறேன், போனைக் காதோட ஒட்டி வச்சுக்கோ... இல்ல, யாருக்கும் அடிபடல. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ முப்பது வருஷம் அந்த ரயில் பட்டறையில வேலை பார்த்தியே, இப்ப எங்க மூணாம் பிளாக் நிக்குற இடத்துல அப்ப என்ன இருந்துச்சு?...

ஆமா, ஆமா, இன்ஜினைத் திருப்புற வட்டக் குழி தெரியும். அது இப்ப குளம். வாத்து விட்டிருக்காங்க. நான் கேக்குறது அதுக்கும் அந்தாண்ட, தண்ணித் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவுல... தொட்டி அப்படியேதான் இருக்கு. பச்சை பெயின்ட் அடிச்சிருக்காங்க, கல்யாண ஜோடிங்க போட்டோ எடுக்க வருதுங்க. அதை விடு. யோசிச்சுச் சொல்லு...

சும்மா கேக்கல. சரி, முதல்லேருந்தே சொல்றேன். அவ உள்ளே படுத்திருக்கா... என் பொண்ணுதான். ஏழாம் மாசம்... நல்லாத்தான் இருக்கா. காலை வரைக்கும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

எங்களுக்கு நேர் கீழே தரைத்தளத்துல ஒருத்தர் இருக்காரே, பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவர்... அவரேதான், மண்புழு. அந்தப் பேரை நான் வைக்கல, எதிர் பிளாக் டீச்சர் வச்சது. நான் நாலு பேர்கிட்டச் சொன்னேன், அவ்வளவுதான்... விடிஞ்சா தோட்டத்துல இறங்கிடுவார். பொண்டாட்டிகிட்டப் பேசுறதைவிட வெண்டைச் செடிகிட்டப் பேசுறது அதிகம். அந்தம்மா அதைக் குறையாவே சொன்னதில்லை, நிம்மதியா டிவி பார்க்குது...

சிரிக்காதே அண்ணா. இன்னைக்கு மண்ணைச் சோதிக்குற பொண்ணு வந்தா. வருஷத்துக்கு ஒரு தடவை குடியிருப்புக் கம்பெனி அனுப்பும். நான் பால்கனியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன்... சரி, ஒரே துண்டை நாலு தடவை காயப்போட்டேன், போதுமா? அவ மண்புழுவோட அவரைக்காய்ப் பந்தலைப் பார்த்தா. ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் வலை, அதுலதான் கொடி ஏறிக் கிடக்கு. "சார், இந்த வலை ஏது?"ன்னா. அவர் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "தோண்டும்போது கிடைச்சதும்மா. கட்டட ஆளுங்க குப்பையைப் புதைச்சுட்டுப் போயிருக்காங்க. நான் வீணாக்கல"ன்னார்.

அந்தப் பொண்ணு கையுறையை எடுத்து மாட்டிக்கிட்டா. அதுக்கப்புறம்தான் வாயைத் திறந்தா.

அது குப்பை இல்லையாம் அண்ணா. எச்சரிக்கையாம். பட்டறையோட பழைய மண்ணை முழுசா அள்ள முடியலையாம். அது மேல வலையை விரிச்சு, வெளியிலேருந்து நல்ல மண் கொண்டாந்து ரெண்டடி கொட்டியிருக்காங்க. ஆரஞ்சு கண்ணுல பட்டா மண்வெட்டியைக் கீழே வச்சுடணும். அதுக்குத்தான் அந்தக் கண்ணைப் பறிக்குற கலரே... சாவி கொடுத்தப்போ ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தாங்களே, அதுல இருந்துச்சாம்... நான் எங்க படிச்சேன். யாருக்கு எந்த இடத்துல கார் நிறுத்தக் கொடுத்திருக்காங்கன்னு இருந்த பக்கத்தைத்தான் படிச்சேன்.

இவர் வலையை அறுத்து எடுத்துட்டு, அதுக்குக் கீழே இன்னும் ரெண்டடி தோண்டி, அந்த மண்ணையும் இந்த மண்ணையும் ஒண்ணாக் கலந்து பாத்தி கட்டிட்டார். பாத்தி முழுக்கக் கீரை...

யார் சாப்பிட்டதா... எல்லாரும்தான். ஆனா அவர் தினம் ஒரு கட்டு எங்க வாசல்ல வச்சுட்டுப் போவார், பிள்ளைத்தாச்சிப் பொண்ணுக்கு நல்லதுன்னு. மூணாம் மாசத்துலேருந்து... தினம்தான் அண்ணா. அவளுக்கு வேற எது கொடுத்தாலும் வயித்துல நிக்கல, இது மட்டும் நின்னுச்சு. நான்தான் வேக வச்சு மசிச்சு, போதும்மா போதும்மான்னவளுக்கு இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டின்னு...

நாலு தண்ணியில கழுவித்தான் போடுவேன்... உள்ளேயே ஏறியிருக்குமா? கழுவினாப் போகாதா?...

ம்... ம்... கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

அந்தாளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலைன்னு கேக்குற. அதைச் சொல்லத்தான் வாய் வர மாட்டேங்குது. போன வருஷம் அவரோட கீரை விரல்கடை உயரத்துக்கு மேல வரல. மூஞ்சியைத் தொங்கப்போட்டு நின்னுட்டு இருந்தார். நான்தான் மேலேருந்து சொன்னேன், "மேல்மண்ணுல என்ன சார் வரும்? இன்னும் ஆழமாத் தோண்டுங்க, அடிமண்ணு கறுப்பா சத்தா இருக்கும்"னு... கறுப்பா இருந்தா சத்துன்னு நினைச்சேன், எனக்கு வேற என்ன தெரியும். வலை வந்தப்போ, அட, பந்தலுக்கு ஆச்சு சார்னதும் நான்தான். இன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட அவர் என்னைக் காட்டிக் கொடுக்கல. தலையைத் தூக்கி ஒரு தடவை மேலே பார்த்தார். நான் துண்டுக்குப் பின்னாடி நகர்ந்துட்டேன்.

திட்டு. நல்லாத் திட்டு. அங்க என்ன இருந்துச்சுன்னு சொல்லிட்டுத் திட்டு...

பேட்டரி ஷெட்டா?... ரயில் பெட்டியில விளக்கு எரியுமே, அந்த பேட்டரியா? உடைச்சுப் பிரிச்சு உருக்கி... ஈயம். ஆமா, மண்ணைச் சோதிச்ச பொண்ணும் ஈயம்னுதான் சொன்னா. இன்னும் ரெண்டு மூணு விஷத்தோட பேரும் சொன்னா, எனக்கு முதல் பேர்லயே காது அடைச்சுப் போச்சு...

நீயும் அங்கேதான் இருந்தியா? வயரிங் பிரிவுன்னு இல்ல சொல்லுவே?... முதல் பதினோரு வருஷமா. எனக்குத் தெரியாதே. யார் வீட்டுல என்னன்னு ஊர் பூரா தெரிஞ்சு வச்சிருக்கேன், உன் வேலை என்னன்னு ஒரு தடவை கேட்டதில்லை பாரு...

அண்ணா. அப்ப உன் வேலைத் துணியெல்லாம் அண்ணிதானே துவைச்சாங்க?... உதறித் துவைப்பாங்களே, அந்தத் தூசியெல்லாம்...

அண்ணிக்கு ரெண்டு தடவை தங்காமப் போச்சே.

அண்ணா?... லைன்ல இருக்கியா?...

வேண்டாம், நீ பதில் சொல்ல வேண்டாம். தெரியாதுன்னா தெரியாது, இப்ப யாரால சொல்ல முடியும்... ஆனா அன்னைக்கு நான் தெரிஞ்ச மாதிரி பேசினேனே. அவங்க உடம்பு வாகு அப்படின்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேனே... அண்ணி பக்கத்துல இருக்காங்களா? காதுல விழுந்துச்சா?... அழாதே அண்ணா. நீ அழுதா எனக்குக் கையும் காலும் ஓடாது.

சரி... சரி, சொல்லு. ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பார்க்கணும். இன்னைக்கே. பெரிய ஆஸ்பத்திரி... ஆமா, எத்தனை மாசமாச் சாப்பிட்டான்னு டாக்டர்கிட்ட உள்ளது உள்ளபடி சொல்லணும். குறைக்க மாட்டேன்... பயந்துட்டு உட்காராதீங்க, முதல்ல போய்ப் பாருங்கன்னுதான் அந்தப் பொண்ணும் சொன்னா. நான் வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்து ரெண்டு மணி நேரமாச்சு.

மாசாமாசம் பார்க்குற டெஸ்ட்தான்னு சொல்லி அவளைக் கூட்டிட்டுப் போயிடறேன். விஷயத்தை நீ சாயங்காலம் போன்ல சொல்லேன். மாமா சொன்னா அவ தாங்கிப்பா... ஏன் மாட்டே?... அண்ணா, அப்படிப் பேசாதே. மண்புழு தலையில போட்டுட்டுத் தப்பிச்சுக்கலாம்னா நான் நினைக்கிறேன்?...

ஆமா. நினைச்சேன்.

இரு, இரு... கதவு திறந்திருக்கு. எழுந்து வந்துட்டா. என்னடி, எவ்வளவு நேரமா அங்க நிக்குற?... மாமாதான். ஒண்ணுமில்ல, சும்மாதான்... இல்லடி, சும்மா இல்ல. வா, இப்படி வந்து உட்காரு. மெதுவா. கீழ்வீட்டு சார் மேல கோபப்படாம கேளு, அவரைத் தோண்டச் சொன்னது நான்.

அண்ணா, வச்சிடறேன்.