ஏழாவது பத்தி

எழுபத்துமூன்று வயதாகிறது. இன்னும் கண்ணாடி இல்லாமல்தான் படிக்கிறேன், எவ்வளவு பொடி எழுத்தாக இருந்தாலும். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் படிப்பது நான் என்பதால் சொல்கிறேன்.

அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. வங்கிக் கடிதமோ, கல்யாணப் பத்திரிகையோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, உறையைப் பிரிக்காமல் மூத்தவன் கைக்கு வரும். அவன் சாப்பாட்டு மேசையருகே நின்று சத்தமாகப் படிப்பான், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு அது இரும்பு அலமாரிக்குப் போய்விடும். "கொடுங்க, நானும் பாக்கறேன்" என்று எவரும் கேட்டதில்லை. கேட்டால், படித்தவனை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

கம்பெனி உங்களுக்குத் தெரிந்ததுதான். மின்விசிறி செய்கிறோம். அப்பாவுக்குப் பிறகு நானும் தம்பியும் இயக்குநர்கள். கொஞ்சம் பங்கு வைத்திருந்த வெளியாட்கள் சிலர், நாங்கள் கம்பெனிப் பணத்தை வேறு வழியில் கொண்டுபோய்விட்டதாக வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வரும்வரை எதுவும் கைமாறக் கூடாது என்று நீதிமன்றம் எல்லாவற்றையும் முடக்கியது. கம்பெனிக் கணக்கு மட்டும் அல்ல. எங்கள் இருவருடைய சேமிப்பு, வீடு, கார், வீட்டுப் பெண்களின் நகை உட்பட.

உத்தரவு வந்த அன்று காலை தம்பியும் அவன் மனைவியும் மேசைக்கு வந்தார்கள். அவனுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. அடுத்த வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அதற்கு முன் ஆஸ்பத்திரியில் பணம் கட்டியாக வேண்டும். மாடிப்படி இறங்கி வந்ததிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது.

நான் படித்தேன். முதல் நான்கு பத்திகள் முடக்கிய சொத்துகளின் பட்டியல்.

"மேல ஓடற ஃபேனையாவது விட்டு வச்சாங்களாண்ணே?" என்றான் தம்பி. அவன் எப்போதும் அப்படித்தான்.

ஐந்தாவது பத்தியில், வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அதையும் படித்தேன். ஆறாவது பத்தி, ஒவ்வொரு இயக்குநரும் முப்பது நாளுக்குள் தன் அறிவுக்கு எட்டிய சொத்து முழுவதையும், அது யார் பெயரில் இருந்தாலும், சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும் என்றது.

"அப்போ அந்தப் புறவழிச்சாலை நிலத்தையும் எழுதணும்" என்றான்.

"அது அப்பா காலத்து ஏற்பாடுடா. அதுல நீ தலையிடாதே."

"உங்க பையன் பேர்ல இருந்தாலும் கம்பெனிக் காசுதானேண்ணே. என்னால பொய்க் கையெழுத்துப் போட முடியாது. நீங்க கோவிச்சாலும் சரி."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். ஐம்பது வருடமாக அப்பா பெயரைச் சொல்லித்தான் எங்களை மதிக்கிறார்கள். அந்தப் பெயர் நீதிமன்ற வாசலில் சிரிப்பாய்ச் சிரிக்கப்போகிறது என்று எனக்குப் பட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். தாளைத் திருப்பி, எட்டாவது பத்தியைப் படித்தேன். உத்தரவை மீறினால் சிறை.

தம்பி மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஆபரேஷனுக்குப் பணம் கட்டறதைப் பத்தி ஒண்ணும் போடலையா?"

"படிச்சதைக் கேட்டுட்டுத்தானேம்மா இருந்தே."

"ஒரு தடவை குடுங்களேன் மாமா. நானும் பாத்துக்கறேன்."

"அண்ணன் படிச்சா போதாதா உனக்கு?" என்றான் தம்பி. வீட்டில் அவன் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எனக்கு மனம் நிறைந்துபோனது.

அவள் வளையலைக் கழற்றப் போனாள். "நகையும் லிஸ்ட்ல இருக்கு. என்னை ஜெயிலுக்கு அனுப்பாம விடமாட்டே போல" என்று அவள் கையைப் பிடித்து வளையலை மறுபடி உள்ளே தள்ளினான். வெளியில் கடன் கேட்பது எங்கள் குடும்பத்தில் இல்லை. அதை நான் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வக்கீல் என்னோடு மட்டும்தான் பேசுவார். ஏழாவது பத்திப்படி ஒரு கடிதம் தயார் செய்யட்டுமா என்று தொலைபேசியில் கேட்டார். தம்பியே பார்த்துக்கொள்கிறான் என்றேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் அவன் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் ஆறு வாரம் கழித்துத் தேதி கிடைத்தது. பழைய டாக்டர் ஒரு கடிதம் அனுப்பினார். அதையும் மேசையருகே நின்று படித்தேன். உப்பைக் குறைக்க வேண்டும், படி ஏறக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது. மூன்று வாரத்துக்குமேல் தள்ளினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு வரி இருந்தது. நோயாளி முன்னால் அதையெல்லாம் படிப்பது நாகரிகம் இல்லை.

உத்தரவு வந்த இருபத்தேழாம் நாள் காலை பதினொரு மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். மடியில் அந்தப் பிரமாணப் பத்திரம். நிலத்தின் அளவு வரைக்கும் எழுதியிருந்தான். கையெழுத்து இல்லை. அந்தத் தாளைத்தான் நேற்று வீட்டைச் சோதனை போட்டபோது நீங்கள் அலமாரியிலிருந்து எடுத்தீர்கள். நான் அதைக் கிழிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காகிதத்தைக் கிழிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

துக்கம் கேட்க எதிர்த்தரப்பு வக்கீலும் வந்திருந்தார். நல்ல மனிதர். தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "வைத்தியச் செலவுக்குக் கோர்ட்டே வழி விட்டிருந்ததேம்மா. ரெண்டு நாள் முன்னாடி எங்களுக்கு ஒரு லெட்டர் போட்டுட்டு உங்க கணக்குலேருந்தே எடுத்திருக்கலாம். வரும் வரும்னு பாத்துட்டிருந்தேன்" என்றார்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "மாமா, அதை நீங்க படிக்கவே இல்லையே."

கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். என்னை அப்படி நாலு பேர் முன்னால் யாரும் கேட்டதில்லை. அவள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. மன்னித்துவிட்டேன்.

நிலப்பத்திரத்தின் தேதியைக் காட்டினீர்கள். அப்பா இறந்து மூன்று வருடம் கழித்து வாங்கியது என்கிறீர்கள். பார்த்தேன். இருக்கலாம். குடும்ப மானத்துக்குத் தேதி பார்ப்பதில்லை.

ஆமாம், அந்தப் பத்தியை வேண்டுமென்றேதான் விட்டேன். படித்திருந்தால் தம்பி பிழைத்திருப்பான், பிழைத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பான். தண்ணீர் குடித்த அந்த நேரத்துக்குள் இரண்டையும் யோசித்துவிட்டேன். டாக்டர் கடிதம் வந்தபோது யோசிக்க நிறைய நேரம் இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நான் படித்த வரிகளில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். தம்பி மனைவிக்கு இதன் நகலை நீங்கள் அனுப்ப வேண்டாம். அவளுக்கு நானே படித்துக் காட்டிவிடுகிறேன்.