ஒன்றரை மணி நேரத்தைக் கண்டுபிடித்த பானுமதி அம்மையாருக்கு

துபாய், சத்வா அலுவலகக் கூடத்தில் இம்மாலை கூடியிருப்போர்: நிறுவனத் தலைவர் சேதுமாதவன், அவர் துணைவியார் ஜெயபாரதி, மகனும் பங்குதாரருமான சதீஷ்குமார், கணக்குப் பிரிவின் மெஹர்பானு, அபுதாபியின் முசஃபாவில் வேலை செய்யும் ஓட்டுநர்கள் நாற்பத்தொரு பேரின் சார்பில் லீவு போட்டு வந்திருக்கும் அருள்ராஜ், மற்றும் பணியாளர் பன்னிருவர். இவர்கள் அனைவரின் முன்னிலையில், கோவை மண் தந்த பெருமாட்டி, கண்டிப்பும் கண்ணியமும் குறையாத கடமையாளர், பத்தொன்பது ஆண்டுகள் சரிபார்ப்பு அலுவலராக விளங்கி இன்று ஓய்வு பெறும் பானுமதி அம்மையாருக்கு வாசித்தளிக்கும் மடல் இது!

பங்குச் சந்தையில் கணினியே வாங்கி விற்பதற்கான முறைகளை வகுப்பது இந்நிறுவனத்தின் தொழில். ஒரு முறையை நம்பிப் பணம் போடுமுன், கடந்த ஆண்டுகளின் விலைகளில் அதை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பேக்டெஸ்ட் என்பார்கள். அந்தச் சோதனை காட்டும் லாபத்தை அம்மையார் ஒருநாளும் உடனே நம்பியதில்லை. இடையில் மூடிப்போன கம்பெனிகள் பட்டியலில் இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். தரகுக் கட்டணத்தைக் கழிக்க மறந்தாலும் அப்படியே. நாற்பது விதிகளை ஓட்டிவிட்டு ஜெயித்த ஒன்றை மட்டும் மேசைக்குக் கொண்டுவந்தவரிடம், தோற்ற முப்பத்தொன்பதையும் கேட்டு வாங்குவார். எந்த வர்த்தகம் மிக அதிக லாபம் காட்டுகிறதோ அதையே முதலில் எடுத்துக் கையால் சரிபார்ப்பார். அவருக்குப் பின்னால் பலர் முணுமுணுத்ததுண்டு. முன்னால் எவரும் வாய் திறந்ததில்லை.

சென்ற ஆண்டு சதீஷ்குமார் ஒரு முறையை வகுத்தார். கச்சா எண்ணெய் விலை ஏறினால், அதிலிருந்து மூலப்பொருள் பெறும் இந்தியப் பெயின்ட் கம்பெனிகளின் பங்குகளை விற்க வேண்டும். இறங்கினால் வாங்க வேண்டும். ஐந்தாண்டுச் சோதனையில் நூற்றுக்கு எழுபத்தெட்டு முறை லாபம். தலைவர் ஒப்புதல் தந்தார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தாயிற்று. தலைவரின் குடும்பப் பெயரை நம்பி, முசஃபா ஓட்டுநர்கள் ஊரில் வீடு கட்டச் சேர்த்திருந்த பணத்தை அதில் போடக் காத்திருந்தார்கள். அம்மையாரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, அம்மையார் வழக்கம்போல மிகப் பெரிய லாபத்தைக் கையில் எடுத்தார். அந்த லாபம் வந்த நாளில் எண்ணெய் விலை திடீரென ஏறியது துபாய் நேரம் பதினொரு மணிக்கு. அப்போது இந்தியாவில் பன்னிரண்டரை. முறையோ இந்திய நேரம் பதினொன்றுக்கே பங்குகளை விற்றிருந்தது.

"எண்ணெய் விலைய இங்கத்த நேரத்துல எழுதியிருக்கறீங்க தம்பி. பங்கு விலை ஊர் நேரத்துல வந்திருக்குதுங்க. ரெண்டையும் பதினொண்ணுன்னு ஒண்ணாச் சேர்த்துப்போட்டீங்க. ஒன்றரை மணி நேரம் கழிச்சு நடக்கறது முன்னாடியே தெரிஞ்சா நானுங்கூட ஜெயிப்பனுங்க" என்றார்.

"ஆன்ட்டி, ப்ளீஸ்! அஞ்சு வருஷ டேட்டா இது" என்றார் சதீஷ்குமார்.

"அஞ்சு வருஷமும் அப்படித்தானுங்க தம்பி."

சேதுமாதவன் எழுந்தார். "பானுமதி, அழைப்பிதழ் போயாச்சு. எங்க குடும்பப் பேர் என்ன ஆகும்?"

"நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க சார். அப்புறம் உங்க இஷ்டமுங்க."

நேரத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினார்கள். லாபம் மறைந்தது, தரகைக் கழித்தபோது நஷ்டமே மிஞ்சியது. விழா நின்றது. செய்தியைப் போனில் கேட்ட அருள்ராஜ், "மேடம், என் வீட்டுக்குத் தளம் போடுற காசு அது. காப்பாத்திட்டீங்க" என்றார்.

அம்மையார் கோவையில், மகளின் அருகில், உடல்நலமும் கவலையற்ற உறக்கமும் பெற்று நெடுங்காலம் வாழ்க! எவர் காட்டும் லாபத்தையும் அங்கேயும் எளிதில் நம்பாதிருக்க வாழ்த்துகிறோம்!

இறுதியாக ஒன்று. அன்றைய பிழை, வெளியில் வாங்கிய மென்பொருளின் கோளாறு என்று சத்வாவில் ஒரு பேச்சு உலவுகிறது. தலைவரின் குடும்பத்தின் மேலுள்ள அன்பினால் அதைச் சொல்பவர்களும் உண்டு. அது உண்மையன்று. மென்பொருள் சரியாகவே இயங்கியது. இரண்டு நேரங்களையும் ஒன்றாகச் சேர்த்தவர் சதீஷ்குமார். பார்க்காமலே சரி என்று ஒப்புதல் தந்தவர் சேதுமாதவன்.

பணியாளர் அனைவரின் சார்பில்,
சேதுமாதவன்