மூன்றாம் எண்

பத்து காஜா ஊர் டாக்சிக்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை, ஐயா. கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்கள், அவ்வளவுதான். அவர்கள் ரேடியோவில் வாய் திறந்தால் என் பம்ப் அறையில் நீர்மட்டம் காட்டும் முள் துள்ளும்.

நான் ஆம்புரோஸ். ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய ஈயக்குட்டைகளின் மட்டத்தைக் கவனிப்பது என் வேலை. முன்பு குட்டையிலிருந்து அறைவரை செம்புக் கம்பி ஓடியது, திருடர்கள் விட்டுவைக்கவில்லை. எண்பத்து மூன்றில் கம்பியில்லாத அளவுகோல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அறையிலுள்ள ரிசீவரில் எந்த எண்ணைத் திருப்பி வைக்கிறோமோ, அந்த அளவுகோல் சொல்வதை மட்டும் அது கேட்கும். பெரிய குட்டைக்கு இரண்டாம் எண். பாதிக்கு மேல் வற்றிய சின்னக் குட்டைக்கு மூன்றாம் எண். நீர் பதினெட்டு அடியைத் தாண்டினால் அபாயச் சங்கு தானாக ஊதும்.

இரண்டாம் எண்ணின் அலைவரிசையும் டாக்சிக்காரர்களுடையதும் பக்கத்தில் பக்கத்தில். ஒருவன் ஈப்போவுக்குச் சவாரி கேட்டால் இங்கே சங்கு ஊதிவிடும். பெரிய குட்டையின் கரைக்குக் கீழே, விற்றுப்போன ரப்பர் தோட்டத்தின் லயத்து வீடுகளில் இருபத்திரண்டு குடும்பங்கள். சங்கு கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடுவார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் மட்டும் ஒன்பது தடவை ஓடினார்கள். லயத்து இருளாயி என் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"என்னாண்ணே, எங்கள வெச்சு வெளாட்டா? வயித்துப் புள்ளையோட எத்தன வாட்டிதான் ஓடுறது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அலைவரிசையை மாற்றும் பாகம் கேட்டு மானேஜருக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நான் என்ன செய்ய முடியும்? ரிசீவரை மூன்றாம் எண்ணுக்குத் திருப்பினேன். முள் நான்கு அடியில் அசையாமல் நின்றது. பெரிய குட்டையை நானே தினமும் காலையில் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் சங்கு ஊதவில்லை. தீபாவளிக்கு லயத்திலிருந்து முறுக்கு வந்தது. பன்னிரண்டு வருட வேலையில் அப்படி யாரும் எனக்குக் கொடுத்தனுப்பியதில்லை.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் பெரிய குட்டையில் பதினேழரை அடி. பார்த்தேன். மத்தியானம் இருளாயி கைக்குழந்தையோடு நனைந்து வந்தாள்.

"அண்ணே, தண்ணி கரைய முட்டிக்கிட்டு நிக்கிதுலா. சங்கு ஊதலியே?"

"முள்ளப் பாரு," என்றேன். "நாலு அடிதான்."

குனிந்து பார்த்தாள். "அப்ப சரிண்ணே. ஒங்க மிசினு சொன்னா சரிதான்லா." குழந்தையின் தலையைத் துடைத்துக்கொண்டு லயத்துக்கே திரும்பிப் போனாள்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் எண்ணை மாற்றியதைச் சொல்ல வேண்டும். ஆனால் அவளிடம் நான் பொய் சொல்லவில்லை, ஐயா. முள் நான்கில்தான் இருந்தது.

கால்மணி நேரத்தில் கரை உடையும் சத்தம் கேட்டது. யாராவது வந்து எண்ணைப் பார்த்துவிடுவார்களே என்று உடனே இரண்டாம் எண்ணுக்குத் திருப்பினேன். அப்போதுதான் சங்கு ஊதியது. பதினான்கு பேர் செத்தார்கள். இருளாயியும் குழந்தையும் அதில் உண்டு.

உங்கள் விசாரணை அறிக்கையில் 'ரிசீவர் பழுது, சங்கு தாமதம்' என்று எழுதியிருக்கிறீர்களாம். அதைக் கேட்டுத்தான் நானாக வந்தேன். அது தாமதிக்கவில்லை. திருப்பிய நொடியே ஊதியது. என்னை என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பராமரித்த கருவியைப் பழுது என்று மட்டும் எழுதாதீர்கள்.