நாலு விரல் உயரம்

— இத்தனை பேர் பார்க்க என் வண்டியில இருந்து பாப்பாவை இறக்கிட்டீங்களே அண்ணி. சித்தப்பன் ஓட்டினா பிள்ளை வீடு வந்து சேராதா?

— வாயைக் கழுவு. காலங்காத்தால என்ன பேச்சு இது? உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. இந்த ஜீப்பு மேலதான். அந்த ஸ்பானரைக் குடு.

— தினமும் நான்தானே பள்ளிக்கூடத்துல விடுறேன்? இன்னைக்கு மட்டும் என்ன அண்ணன் வண்டி?

— உங்கண்ணன் வண்டிக்கு நான் புது ஷாஃப்ட் போட்டுட்டேன். உனக்கு அடுத்த வாரம்தான் வரும், அதுவரைக்கும் வண்டியைத் தொடாதேன்னேன். கேட்டியா?

— நிறுத்தினா ஆளுங்க வேற ஜீப்புக்குப் போயிடுவாங்க. நீங்க முதல்ல புருஷனுக்குப் போட்டுட்டீங்க, கொழுந்தன்னா இளக்காரம்.

— அட போடா. மலை மேல வேலைக்குப் போற அத்தனை பேரும் அவர் வண்டியிலதானே தொத்திக்கிட்டுப் போறாங்க. அதான் அவருக்கு முதல்ல. ஆத்துல அடி தட்டுதுன்னு அண்ணனும் தம்பியும் வண்டியை நாலு விரல் தூக்கிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— தூக்கினதுல என்ன அண்ணி தப்பு? பார்க்கவும் சிங்கம் மாதிரி இருக்கு.

— சிங்கத்துக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்கு, கேட்டுக்கோ. உடம்பு மேல போயிடுச்சு, பின் அச்சு கீழேயே நிக்குது. நடுவுல பின் சக்கரத்தைச் சுத்த வைக்கற ஷாஃப்ட் சரிஞ்சு நின்னு சுத்துது. ரெண்டு முனையில இருக்கற கிராஸ் ஜாயின்ட் எத்தனை நாள் தாங்கும்? உள்ள இருக்கற ஊசி பேரிங் எல்லாம் நசுங்கி மாவாயிடும்.

— கிரீஸ் அடிச்சா சரியாப் போச்சு.

— ஆத்துல இறங்கி ஏறுறப்பல்லாம் அடிச்சியா? சத்தம் வந்தப்புறம் அடிப்ப. கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

— சரி, அறுந்தா என்ன? வண்டி நின்னுடும். இறங்கித் தள்ளிட்டுப் போறோம்.

— இறக்கத்துல போறப்ப முன்முனை அறுந்துச்சுன்னா நிக்காது தம்பி. ஷாஃப்ட் தரையில குத்தும். ஓடுற வண்டிக்குக் கீழ கடப்பாரையை நட்ட மாதிரி. ஜீப்பு குட்டிக்கரணம் போடும். அதுல என் பிள்ளையை உட்கார வெச்சு அனுப்பணுமா, சொல்லு.

— ஆனா இன்னைக்கு ஆட்டமே இல்ல அண்ணி, சத்தியமா. கியர் போட்டா வர்ற அந்த 'டக்' கூட இல்ல.

— நேத்து வரைக்கும் பல்லெல்லாம் ஆடுதுன்னு புலம்பின. ஒரே ராத்திரியில எப்படிடா சரியாகும்?

— அண்ணன் கிரீஸ் அடிச்சாருல்ல. சாயங்காலம் ரெண்டு ஜீப்பையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தச் சொன்னாரு. நீ போய்ச் சாப்பிடுன்னு என்னைத் துரத்திட்டு அடியில படுத்தாரு.

— ரெண்டு ஜீப்பையுமா?

— ஆமா. ஏன் வேலையை நிறுத்திட்டீங்க? அண்ணி?

— லைட்டைக் காட்டு. இன்னும் கீழ.

— என்ன, வெடிச்சிருக்கா?

— மஞ்சள் பெயின்ட்.

— எங்க?

— ஷாஃப்டைக் கழட்டி மாட்டினா ரெண்டு பக்கமும் நேரா வரணும்னு நான் கோடு போட்டு வைப்பேன். உன் வண்டிக்கு நான் போட்டதே இல்ல. ஜாயின்ட்டைப் பிடிச்சு ஆட்டிப் பாரு, கொஞ்சமும் ஆடலை. ஐயோ, இது உங்கண்ணன் ஷாஃப்ட்டுடா.

— அப்போ என்னோடது?

— போனைப் போடு. முதல்ல போனைப் போடு.

— ரிங்கே போகலை. ஆத்து வளைவு தாண்டிட்டா டவர் கிடைக்காது.

— திரும்பப் போடு.

— போட்டுட்டுத்தானே இருக்கேன்! எதுக்கு அண்ணி இப்படிப் பண்ணாரு? எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் வண்டியையே எடுத்திருக்க மாட்டேனே.

— நிறுத்துன்னு நான் சொன்னதுக்கே நீ நிறுத்தலையே. பாப்பா தினமும் உன் வண்டியிலதானே போறா? அவளுக்காக நல்லதை உனக்கு மாட்டிட்டு, கெட்டதை அவரு மாட்டிக்கிட்டாரு.

— அழாதீங்க அண்ணி. அண்ணன் மெதுவாத்தான் போவாரு. நான் பைக்கை எடுத்துட்டுப் போறேன், இறக்கத்துக்கு முன்னாடி பிடிச்சிடலாம்.

— பாப்பா தம்பிகூடவே போகட்டும்னு காலையில கெஞ்சினாருடா. வண்டி நிறைய ஆளு, அவங்க முன்னாடி காரணத்தை எப்படிச் சொல்லுவாரு? வம்பு பண்ணாதீங்கன்னு அவரை அதட்டி, பிள்ளையைத் தூக்கி அவர் பக்கத்துல உட்கார வெச்சுக் கதவைச் சாத்தினவ நான்.